மாடசாமி சுவரில் அடித்த கம்பளிகள்

இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறுகிற ரோடு. கடைசி பஸ் போய் வெகுநேரம். பனி என்றால் அப்படியொரு பனி... கையை நீட்டினால் விரல் தெரியாது. தேயிலைத் தோட்டத்து மயானம் இருக்கிற அந்த வளைவில், ஒரு மனிதர் ஏழெட்டுக் கம்பளிகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தார்.

கதை கேட்க வந்தவர்கள் கதவைச் சரியாகச் சாத்துங்கள். மெழுகுவர்த்தி அணைந்தால் நான் பொறுப்பில்லை.

நடந்தவர் என் கூட்டாளி ஒருவனின் மச்சான். பெயர் மாடசாமி. ஆனால் அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பமாட்டார். வீட்டு வாசலில் பலகை தொங்கியது: 'இன்னிசைச் சுடர் மாதேஷ். ஒலி, ஒளி அமைப்பு.' சுடர் என்ற பட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், "ரசிகர்கள் குடுத்தது" என்பார். பலகைக்குக் காசு கொடுத்த ரசிகர் அவர் ஒருவர்தான். ஒளி என்பது இரண்டு டியூப் லைட். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மைக்செட் மாடசாமி.

கல்யாணம், திருவிழா, சாவு... எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். இடையிடையே அவரே பாடுவார். யாரும் தடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. இத்தனை வருடத்தில் அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு சொல்லுக்கு. கூட்டத்திலிருந்து யாராவது ஒருத்தர் 'ஒன்ஸ் மோர்' என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். கத்தவில்லை.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் பண்டாரவளையில் றினாஸ் என்ற பையன் தன் வாப்பாவின் துணிக்கடை மேல்மாடி அறையில் ஸ்டூடியோ போட்டான். கம்ப்யூட்டர், மைக், சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். கடை விளம்பரம், கல்யாண வாழ்த்து, கோயில் பாட்டு... எதைப் பாடினாலும் சீடியாக்கிக் கொடுத்தான். காசு கொட்டியது. அந்த வருடத் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டி அவனிடம்தான் அம்மன் பாட்டுப் பதிவு செய்தது. போட்டது எதில்? மாடசாமியின் குழாய் ஸ்பீக்கரில். பாட்டு முடிந்ததும் தேருக்கு முன்னால் நின்ற சனம் முழுக்கக் கத்தியது:

"ஒன்ஸ் மோர்!"

திரும்பவும் பட்டனை அழுத்தியவர் மாடசாமி. தன் கையால். அன்றைக்கு அவர் பிரசாதம் வாங்கவில்லை.

மறுமாதம் மாடசாமி வீட்டு இரண்டு பசு மாடுகளில் ஒன்று விலைக்குப் போனது, பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. முன்னறை ஸ்டூடியோவானது. பேசினால் சுவரில் பட்டுத் திரும்பியது... தகர டப்பாவுக்குள் தலையை விட்டதுபோல. றினாஸே வந்து பார்த்தான். அவனுக்குப் பொறாமை கிடையாது. அதுதான் மாடசாமிக்கு இன்னும் எரிந்தது.

"எக்கோ அடிக்குது அண்ணே. சுவருக்குக் கனமான துணி அடிங்க. கம்பளி மாதிரி ஏதாவது."

கம்பளி வாங்கக் காசு ஏது? அந்த வாரமே பெரியாயி கிழவி செத்துப்போனாள். தோட்டத்தில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மலையில் மழைக்குத் தலையோடு போர்த்திய கம்பளி, ராத்திரி படுத்த கம்பளி... செத்தவர்களோடு மயானத்துக்குப் போகும். வேலியோரத் தேயிலைச் செடியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். அங்கே கிடப்பதை நாய்கூடத் தொடாது.

மாடசாமி தொட்டார். பெரியாயியுடையதை மட்டுமா... பழசு, புதுசு, நனைந்தது, காய்ந்தது, எல்லாம். விடியுமுன் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

அவர் மனைவி அங்கம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று பார்த்தாள். கூடை கை நழுவியது.

"இது பெரியாயி கம்பளி. செவப்பு நூலு போட்டுத் தச்சது நாந்தான்."

"இது சவுண்டு புரூப்."

"உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க!"

"உனக்கு டெக்னிக்கு வெளங்காது, போ."

ஒன்று சொல்லவேண்டும். எக்கோ நின்றுவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல ஒரு அடக்கம்... ஈரக் கம்பளி வாடை, விறகுப் புகை, வெற்றிலை. மாடசாமி கண்ணை மூடி அம்மன் பாட்டொன்று பாடினார். றினாஸின் பாட்டைவிட நீளமானது. பதிவை அங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினார்.

இரண்டாவது அடி முடிந்தது.

க்ஹம்... க்ஹம்.

பிறகு மெல்ல, மூச்சோடு... "ஈஸ்வரா."

"ஏன்டி இருமுன?"

அங்கம்மா சுவரைவிட்டு நகர்ந்து நின்றாள். "நான் அந்த நேரம் மலையில இருந்தேங்க. அது பெரியாயி. பக்கத்து நெரையில நின்னு கொழுந்து எடுத்தவ... எனக்குத் தெரியாதா? ரெண்டு இருமலு, ஒரு ஈஸ்வரா."

திரும்பப் பாடினார். திரும்பவும் இருமல். இந்தத் தடவை வேறொன்று சேர்ந்துகொண்டது... யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதற்கடுத்த தடவை, பாக்கு இடிக்கிற சத்தம். டொக்... டொக்... டொக்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஓடுவீர்கள். மாடசாமி அழித்துவிட்டு மறுபடி பாடினார். தன் குரல்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சங்கதி லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் போனது. பெரியாயியின் மகள் முதலில் வந்தாள். கேட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "இன்னொரு தடவ போடுங்கண்ணே" என்றாள். மாடசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கையில் முதல் ஒன்ஸ் மோர்! அடுத்த வார்த்தையில் அவள் அதைக் கொன்றாள்.

"பாட்டக் கொஞ்சம் கொறைங்க. அம்மா சத்தம் கேக்கல."

அப்புறம் வாசலில் வரிசைதான். பூனாகலையிலிருந்து மட்டுமில்லை, மீரியபெத்தயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்பனின் கனைப்பு, மாமியின் கொட்டாவி, தம்பியின் விக்கல்... தங்கள் ஆள் கிடைக்காதவர்கள்கூடச் சும்மா உட்கார்ந்து கேட்டார்கள். மாடசாமி பிரதி எடுத்து விற்றார். பலகைக்குப் புதுப் பெயின்ட் வந்தது. றினாஸின் ஸ்டூடியோவில்கூட அப்படிக் கூட்டமில்லை. ஆனால் வாங்கிப்போன ஒவ்வொருவரும் ஒரே பல்லவி: அந்தப் பாட்டுத்தான் இடைஞ்சல்.

றினாஸும் கேட்டுப் பார்த்தான்.

"பாட்ட விடுங்க அண்ணே. அந்த இருமல் என்ன சுத்தமா வுழுந்திருக்கு! எந்த மைக்கு?"

உயிரோடு இருக்கிறவன்மேல் பொறாமைப்பட்டால் ஒருநாள் அவன் நொடித்துப்போவான் என்றாவது காத்திருக்கலாம். செத்தவர்கள்மேல் பொறாமைப்பட்டால் எதற்காகக் காத்திருப்பது? மாடசாமி சோறு தின்னவில்லை. கிழவிகளைத் திட்டினார், அறைக்குள் தனியாக நின்று. பாகற்காய்த் தண்ணீர் குடித்துத் தொண்டையைத் தீட்டினார். அந்தப் பனி இரவில் கதவைச் சாத்தி, அடிவயிற்றிலிருந்து, நரம்பு புடைக்க, பாட்டு முழுவதையும் ஒரே மூச்சாகப் பாடினார்.

பதிவைப் போட்டார்.

இருமல் இருந்தது. கனைப்பு, கொட்டாவி, பாக்கு இடி... எல்லாம் தெளிவாக, காதோரமாக, இத்தனை நாள் இல்லாத அருகில். பாட்டு மட்டும் இல்லை. அவர் பாடிய இடத்தில் ஆட்கள் மூச்சுவிடுகிற சத்தம். நிறைய ஆட்கள். கூட்டம் ஒன்று வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்குமே... அந்த மாதிரி.

ஆணியோடு பிடுங்கினார். சுருட்டினார். தோளில் போட்டார். அந்தக் கம்பளிகள்தான், அந்த ரோடுதான், முதலில் சொன்னேனே. வேலியோரம் போய், செடிமேல் வீசினார். பேசாமல் வரவேண்டுமென்று தெரியும். மைக் பிடித்த வாய் சும்மா இருக்குமா?

"எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க!" என்று கத்தினார்.

எக்கோ வரவில்லை. அந்த மலையில் தும்மினால்கூடத் திரும்பிவரும். வரவில்லை.

மறுநாள் தோட்டத்து டிவிஷன் ஒன்றில் கல்யாணம். மாடசாமி மைக்கைத் தட்டினார். டொப், டொப். ஸ்பீக்கர் சொன்னது. "ஹலோ" என்றார். ஒன்றுமில்லை. வயரை மாற்றினார். மைக்கை மாற்றினார். மாப்பிள்ளையின் தம்பி வந்து "ஹலோ" என்றான், தோட்டமே கேட்டது. மாடசாமி சொன்னால்... மௌனம். நேரில் நிற்பவனுக்குக் கேட்கிறது. மெஷினுக்குக் கேட்கவில்லை. டெலிபோனில் பேசினால் மறுமுனையில், "யாரு? பேசுங்க... பேசுங்களேன்" என்று வைத்துவிடுவார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு றினாஸிடம் போனார். றினாஸ் தன் உயர்ந்த மைக்கை அவர் வாய்க்கு நேரே வைத்தான். மாடசாமி பாடினார். கம்ப்யூட்டர் திரையில் கோடு நேராகவே ஓடியது.

ஒரு மாதம் இருக்கும். றினாஸ் பூனாகலையில் ஒரு கல்யாணப் பதிவு முடித்து, பொழுது சாய்ந்தபின் தன் த்ரீவீல் ஆட்டோவில் மலை இறங்கினான். மயான வளைவில் எஞ்சின் நின்றது. பனி. தேயிலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அப்போது வேலிப்பக்கமிருந்து...

"ஹலோ... மைக் டெஸ்டிங்... வன், டூ, த்ரீ..."

பாட்டு. மாடசாமியின் குரலில், முழுப் பாட்டு. ஒரு இடத்தில் பிசிறில்லை. முடிந்ததும் இரண்டு இருமல், ஒரு ஈஸ்வரா. பிறகு ஒரு கிழவியின் குரல், ஆறுதலாக:

"நல்லாருக்குப்பா... இன்னொருக்கா."

றினாஸ் வண்டியை எப்படிக் கிளப்பினான் என்று அவனுக்கே தெரியாது. நல்ல பிள்ளை, மனது கேட்காமல் அடுத்த நாள் வந்து மாடசாமியிடம் சொன்னான். மாடசாமி பயப்படவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"எத்தன பேரு இருப்பாங்க... கூட்டம்?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசிய பேச்சு.

அன்றிரவு அங்கம்மாவுக்கு விழிப்புத் தட்டியது. பக்கத்தில் புருஷன் மல்லாந்து தூங்குகிறார். முகத்தில் சிரிப்பு. வாய் திறந்து, மூடி, திறந்து... உதடு அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு பொட்டுச் சத்தமில்லை.

மேலே, வளைவுப் பக்கம், பனிக்குள்ளிருந்து பாட்டு ஆரம்பித்தது. முதல் அடியிலிருந்து. அவர் உதட்டுக்குச் சரியாக.