ஒரே நாளில் இரண்டு நேர்முகம்

திருநெல்வேலிச் சந்தையடியில் மரக்கறிப் பைகளோடு ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் புறப்படும் முன்பே இளையவர் தொடங்கிவிட்டார்.

"சமைக்கத் தெரியாது, ஆனா குழுவாய் வேலை செய்வன் எண்டு சொல்லிப்போட்டாள், அக்கா."

"ஆர், உன்ரை எஞ்சினியர் மகளோ?"

"ஓம். காலமை கொம்பனி இன்டர்வியூ. தலைமைத்துவம் இருக்கோ, குழுவாய் வேலை செய்வியோ எண்டுதான் கேப்பினமாம். கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாடமாக்கினவள். பின்னேரம் பொம்பிளை பாக்க வந்தவைக்கும் அதே மறுமொழிதான் வாயில வந்தது."

"மாப்பிள்ளையின்ரை தாய் என்ன கேட்டவ?"

"சமைக்கத் தெரியுமோ எண்டு. தெரியாது, ஆனா கெதியாப் பழகுவன், குழுவாயும் செய்வன் எண்டாள். குழுவில ஆரார் எண்டு மனுசி கேட்டா. நீங்களும் உங்கடை மகனும்தான் எண்டிட்டாள்."

மூத்தவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கோவிச்சுக்கொண்டு எழும்பிட்டினமோ?"

"இல்லை, பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை. இவள் பிறகு மாப்பிள்ளையைப் பாத்து, உங்கடை பலவீனம் என்ன எண்டு கேட்டாள்."

"அவர் என்ன சொன்னவர்?"

"தாயைத் திரும்பிப் பாத்தவர்."

நடத்துநர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்வரை பேச்சு நின்றது. எனக்குத்தான் பொறுக்கவில்லை; முன்னால் குனிந்து கேட்டேன்.

"அப்ப அவை முடிவு எப்ப சொல்லுவினமாம்?"

"அவையோ? வந்ததுக்கு நன்றி, நாங்கள் யோசிச்சு அறிவிக்கிறம் எண்டு வாசல் படலை வரைக்கும் போய்ச் சொல்லி, இவளெல்லோ அவையை அனுப்பிவிட்டவள்."