நாகலக்ஷ்மி படித்த நாவல்

பயாஸ்கோப் பார்த்த பிறகு அதே கதையை நாவலாகப் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, இன்ஸ்பெக்டர். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு இருக்காது. நிதானமாகப் படிக்கலாம்.

என் பெயர் மஹாதேவன். இங்கே கல்கத்தாவில், காளிகாட்டில் குடியிருக்கிறேன். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கடிதங்கள் எழுதும் உத்தியோகம். உண்மையில் அவற்றை எழுதியவள் என் மனைவி நாகலக்ஷ்மி. அவளுடைய இங்கிலீஷுக்காகத்தான் துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தை மாதம் ஒரு நாள், மெட்ராஸில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்.

மனைவி போய்விட்டால் ஊர் கேள்வி கேட்கும். செத்துப்போனால் ஆறுதல் சொல்லும். கடிதங்கள் தடுமாறினாலும், பாவம், துக்கத்தில் இருக்கிறான் என்று துரை பொறுத்துக்கொள்வார்.

மைதானத்துக் கூடாரத்தில் அந்தப் படம் ஓடியது அப்போதுதான். அதில் கணவன், மனைவியின் காய்ச்சல் மருந்தில் விஷம் கலக்கிறான். அவள் புன்னகையோடு வாங்கிக் குடிக்கிறாள். அதே கதையின் நாவலைத்தான் நாகலக்ஷ்மி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். நான் படம் பார்த்துவிட்டுத் திரும்பியதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. நான் இன்னும் பாதிகூடத் தாண்டலை."

சொல்லவில்லை.

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த ஞாயிறு பிற்பகல், மருந்தில் எலிப் பாஷாணம் கலந்து நானே கொடுத்தேன். மிச்சப் பொட்டலம் உங்கள் மேஜையில் இருக்கிறது.

"நீங்களா குடுக்கறேள்? அதிசயமா இருக்கே" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள்.

விளக்கு வைக்கும்வரை துடித்தாள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். "ஆள் போயிருக்கு" என்றேன். யாரையும் அனுப்பவில்லை. ஆனால் கடைசிவரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள் நாவலை எடுத்தேன். படத்தில் எவ்வளவோ விட்டுவிட்டார்கள். நாவலில் அந்தப் பெண்ணுக்கு விஷம் என்று முன்பே தெரியும். கணவனை மன்னித்து, தெரிந்தே குடிக்கிறாள். அந்த அத்தியாயத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாகலக்ஷ்மியும் அதைப் படித்தவள்தானே. அவளும் சிரித்தாள். தெரிந்துதான் குடித்திருக்கிறாள். ஆகவே, கொன்றேன் என்று எழுதுங்கள். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

புத்தகத்தை நீங்கள் எடுத்து வைத்திருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சீமைப் புத்தகங்களில் தாள்களின் ஓரம் பிரியாமல் ஒட்டியிருக்கும். கத்தியால் கீறித்தான் படிக்க வேண்டும். முன்பாதியை அவள் நேர்த்தியாகக் கீறியிருக்கிறாள். பின்பாதி கோணலாக இருந்தால் அவளைக் குறை சொல்லாதீர்கள். அந்த அத்தியாயம் உட்பட எல்லாம் ஒட்டியே இருந்தது. நான்தான் கீறினேன்.