மிச்சமிருந்த டைம் அவுட்

மின்விசிறியை வேண்டுமானால் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். எனக்கு வெயில் பழகிவிட்டது. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து மதிய வெயிலில் சிமெண்டுத் தரையில் நிற்கிறவள் நான்.

முத்துத்தாய் எப்படிச் செத்தாள் என்று விசாரிக்க உங்களைக் கல்லூரியில் நியமித்திருக்கிறார்கள். வெயில் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். கோச் ராதாமணி மேல், அதாவது என் மேல், தப்பில்லை என்றும் சொல்லியிருப்பார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நானும் இதே கல்லூரிக்குத்தான் கூடைப்பந்து ஆடினேன், கார்டாக. பந்தைத் தட்டிக்கொண்டே மேலே கொண்டுபோய், கூடையில் போடப்போகிறவள் கையில் கொடுப்பவள்தான் கார்டு. போட்டவள் பெயர் பேப்பரில் வரும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டம் என் கையில் இருந்தது.

எழுபத்து மூன்றில் இறுதி ஆட்டம். இரண்டாம் பாதி நடக்கும்போது என் அப்பா சாயப்பட்டறையிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தார். முழங்கை வரை நீலம். பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்கள் கோச்சிடம் சொன்னார். கோச் டைம் அவுட் கேட்டார். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். "வா, முகத்தைக் கழுவு" என்றார் அப்பா, எங்கள் வீட்டு மொழியில். போனேன். நாங்கள் தோற்றோம். கால்சட்டை போட்டு ஓடுகிற பெண் என்று தெரிந்ததும் அந்த மாப்பிள்ளை வீட்டாரும் வேண்டாமென்றுவிட்டார்கள்.

அப்புறம் உடற்கல்வி படித்து இங்கேயே கோச்சாக வந்தேன். ராதாமணி லேசில் ஆட்டத்தை நிறுத்த மாட்டாள் என்று மற்ற கல்லூரிகளில் பேச்சு. உண்மைதான்.

முத்துத்தாய் கோச்சடை ஊர்ப் பிள்ளை. விவசாயக் குடும்பம். அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த முதல் நாளே இவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பந்தை லேசில் விடமாட்டாள். கூட ஆடுகிற இருளாயி கத்துவாள், "குடுடி இங்கிட்டு! ஒன் மாமன் கட்டுன தாலியா அது, இம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்க?" எல்லாரும் சிரிக்கிற அந்த நேரத்தில் பந்து இருளாயி கைக்குப் போயிருக்கும்.

முத்துத்தாய்க்கு நிஜமாகவே ஒரு மாமன் மகன் இருந்தான். படிப்பும் ஆட்டமும் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் அம்மா மலையம்மாள் ஒருமுறை மைதானத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓடட்டும் டீச்சர். ஆனா ஒங்க கண்ணுலயே வச்சுக்கங்க. இனி அவ ஒங்க பிள்ள" என்றாள்.

போன ஆடி மாதம் பயிற்சியில் முத்துத்தாய் உட்கார்ந்துவிட்டாள். "மிஸ், நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் பேசினார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டிருக்கிறது, ஓடவே கூடாது, பிள்ளைப்பேறும் ஆபத்து, வீட்டில் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்றார். நிதானமாக, நல்லவிதமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தேன். "என்ன மிஸ் சொன்னாரு?" என்றாள்.

"ரத்தம் கம்மியாம்" என்றேன்.

"அம்புட்டுத்தானா? நான் பயந்தே போனேன் மிஸ்."

நீங்களும் ஒரு பெண். யோசித்துப் பாருங்கள். வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? ஆட்டத்தை நிறுத்துவார்கள். சீக்கு விஷயத்தை வெளியே விடாமல் அவசரமாகத் தாலி கட்டிவைப்பார்கள். பிள்ளை உண்டாகும். டாக்டர் சொன்ன அதே ஆபத்துதானே? எப்படியும் போகிற உயிர் என்றால், அவள் விரும்பிய இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வைத்தியம் என்று ஒரு வழி இருந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. தினமும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். நின்று அவள் தின்கிற வரைக்கும் பார்ப்பேன். அக்கறையில்லாதவள் அப்படிச் செய்வாளா?

இனி இறுதி ஆட்டம். ஒரு விதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடுகிறவள் டைம் அவுட் கேட்க முடியாது. கோச்தான் ஸ்கோர் மேசையில் போய்க் கேட்க வேண்டும். ஒரு பாதிக்கு இரண்டு. கேட்காமல் விட்டால் அது அந்தப் பாதியோடு போய்விடும். அன்றைக்கு இரண்டாம் பாதியில் எனக்கு ஒன்று மிச்சமிருந்தது. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம்.

பந்து வெளியே போனபோது முத்துத்தாய் என்னைப் பார்த்தாள். உதடு கறுத்திருந்தது. ஒரு கையை நிமிர்த்தி, அதன் மேல் மறு கையைப் படுக்க வைத்துக் காட்டினாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் சைகை. அதை நடுவர் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அது எனக்கு.

மிஸ் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். நான் கவனித்தேன். அவள் சைகை காட்டியதற்கு அப்புறம்தான் ஸ்கோர் போர்டு பக்கம் திரும்பினேன்.

அவள் பந்தைக் கொண்டுபோனாள். அவ்வளவு நல்ல பாஸை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இருளாயி போட்டாள். எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள். நான் மட்டும்தான் முத்துத்தாய் விழுந்ததைப் பார்த்தேன். ஆட்டம் முடிகிற விசில் வரட்டும் என்று நின்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போயிற்று. தலை என் மடியில் இருந்தது. மலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மடியிலதான டீச்சர் போனா, அது போதும்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளை யாரும் பாதி ஆட்டத்தில் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இதையெல்லாம் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் முடித்தால் நல்லது, சாயங்காலம் பயிற்சி இருக்கிறது. சூடாமணி என்று புதிதாக ஒரு பிள்ளை, கார்டு. நல்ல கை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டரிடம் போகட்டுமா என்று நேற்றுக் கேட்டாள். ரத்தம் கம்மியாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். போகிற வழியில் பேரீச்சம்பழம் வாங்க வேண்டும்.