ஒரே பையில ரெண்டு டிஸ்க்கு

ஷாலினி: பஸ்ல உட்ட பை டிராயர்லயா வரும்? எத்தினி வாட்டிதான் தொறந்து பாப்பீங்க?

இளவரசன்: நீ சும்மா இரு. ஒரு டிஸ்க்க மட்டும் இங்க ஸ்டுடியோவுலயே வெச்சிட்டுப் போயிருந்தா...

ஷாலினி: என்னிக்கி வெச்சீங்க? திருடன் பூந்துடுவான், தீ புடிச்சிக்கும்னு தெனம் சாயங்காலம் எல்லாத்தயும் மூட்ட கட்டி வூட்டுக்குத் தூக்கிக்கினு போறவராச்சே.

இளவரசன்: கண்ணாலப் படமெல்லாம் பத்திரமா இருக்கட்டும்னுதான். அதுக்குத்தான ரெண்டு டிஸ்க்குல போட்டேன்.

ஷாலினி: ரெண்டும் ஒரே பையில.

இளவரசன்: நேத்து கள்ளக்குறிச்சி பஸ்ல அவ்ளோ கூட்டம். மேல கம்பியில வெச்சது மறந்தே பூட்டுது. கண்டக்டரு பாக்கவே இல்லன்றாரு...

ஷாலினி: கம்ப்யூட்டர்ல?

இளவரசன்: ரொம்பிடுச்சின்னு போன மாசந்தான் அழிச்சேன். கேமரா கார்டுல அதுக்கப்புறம் நாலு காதுகுத்து எடுத்தாச்சி.

ஷாலினி: மலையிலருந்து படம் கேட்டவங்க எப்ப வர்றாங்க?

இளவரசன்: பதினோரு மணி பஸ்ஸு. கருப்பண்ணனும், கூட அவரு மவ, கண்ணாலப் பொண்ணு பவானியும். நாளன்னிக்கி அந்தப் பொண்ணோட அம்மா பெரியநாயகிக்குக் காரியம். கண்ணாலம் முடிஞ்சி மூணு மாசந்தான ஆச்சி, பாம்பு கடிச்சி... "பொண்ணுக்குப் பக்கத்துல சிரிச்சிக்கினு நின்னாளே, அந்தப் படத்தப் பெருசாப் போட்டுக் குடு தம்பி"ன்னாரு.

ஷாலினி: வேற படமே இல்லியா?

இளவரசன்: ஆதார் கார்டுல ஒண்ணு. அதப் பாத்தா பெத்த பொண்ணுக்கே அடையாளம் தெரியாது... அந்தப் பொண்ணு மொகத்த எப்பிடி பாப்பேன் ஷாலினி?

ஷாலினி: ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?

இளவரசன்: இன்னா?

ஷாலினி: மூணாவதா ஒரு டிஸ்க்கு இருக்குது.

இளவரசன்: வெளயாடற நேரமா இது?

ஷாலினி: நெசமாதான். நீங்க பையக் கட்டறதுக்கு முன்னாடி நான் பென்டிரைவுல எடுத்துக்குவேன். ஞாயித்துக்கெழம மூங்கில்துறைப்பட்டு போறன்ல... அங்க தம்பி லேப்டாப்புல போட்டு டிஸ்க்குல ஏத்திருவான். அப்பா பீரோவுல வெச்சி பூட்டிருவாரு.

இளவரசன்: உங்கப்பாவா? ரெண்டு வருஷமா எங்கூட பேசாதவரா?

ஷாலினி: டிஸ்க்கே அவருதான் வாங்கிக் குடுத்தாரு.

இளவரசன்: உன் தங்கச்சி ரம்யா கண்ணாலத்து கார்ட நான் அழிச்சிட்டேன்னு, அத்தினி பேரு முன்னாடி கேமராவக் கீழ வெய்டான்னவரு...

ஷாலினி: அவரேதான். "நம்ம வூட்டுப் படம் போனது போவட்டும். இன்னொருத்தன் வூட்டுது போவக் கூடாது. ஒண்ணு இங்க இருக்கட்டும், மருமவங்கிட்ட சொல்லாத"ன்னாரு.

இளவரசன்: அப்ப... பெரியநாயகி அம்மா படம்?

ஷாலினி: இருக்குது. காத்தாலயே தம்பி போன்ல காட்டுனான். வெத்தல போட்ட வாயோட எப்பிடி சிரிக்கறாங்க தெரியுமா...

இளவரசன்: அப்பாடா... இப்பத்தான் மூச்சே வருது... ஆமா, காத்தாலயே தெரிஞ்சும் இம்மா நேரம் தவிக்க உட்டியே?

ஷாலினி: ரெண்டயும் ஒரே பையில போட்டதுக்குக் கொஞ்சமாச்சும் தவிக்க வேணாவா?

இளவரசன்: அது சரி... அந்தப் படமெல்லாம் மாமா பாப்பாரா?

ஷாலினி: ஒண்ணு உடாம. டிவியில சொருகிப் பாத்துட்டுத்தான் பூட்டுவாரு. "வெளிச்சத்த நல்லாப் புடிக்கறான்"ம்பாரு. அதயும் உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்.

இளவரசன்: ம்... நான் போயி எடுத்தாரட்டா? பதினோரு மணிக்குள்ள வந்துரலாமா?

ஷாலினி: வந்தாச்சி. எதுத்த டீக்கடையில அப்பா கையிலதான் இருக்குது. அரமணி நேரமா நிக்கறாரு. கூப்புடாம உள்ள வரமாட்டாராம்.

இளவரசன்: நிக்கறாருன்னு தெரியும். எதுக்குன்னுதான் தெரியல... எந்த மொகத்த வெச்சிக்கினு கூப்புடறதுன்னும் தெரியல. இந்த டிராயருகிட்ட குனிஞ்சாதான் ஜன்னல் வழியா அவரு தெரியறாரு. அதான் இதயே தொறந்து தொறந்து மூடிக்கினு இருந்தேன்... நவுரு, நானே போயி கூட்டியாறேன்.