இடது கன்னத்தில் இரண்டு கண்கள்

உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிறவன் என்று என் மனைவி என்னைக் கேலி செய்வாள். உண்மைதான், ஐயா. ஒன்பது வருடமாக அருங்காட்சியகத்தின் ஏழாவது அறையில், ஒரே நாற்காலியில் காவல்.

அறை முழுக்க ஒரே கியூபிச ஓவியரின் படங்கள். ஒரு முகத்தை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் பார்த்தது போல வரைந்திருப்பார். பள்ளிப் பிள்ளைகள், "மிக்ஸியில போட்டு அடிச்ச மாதிரி இருக்குடா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் எங்கே போவது? என் எதிரே ஒரு பெண். மூக்கு வலப்பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு கண்களும் இடது கன்னத்தில். நாற்காலியை எங்கே நகர்த்தினாலும் ஒரு கண் என் மேல்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவளைக் கண்டால் பயம்.

அதனால் தினமும் காலையில், ஆட்கள் வருமுன், அவளுடைய கீழ்க்கண்ணின் மேல் கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் அழுத்துவேன். பிறகு பொழுது ஓடிவிடும். நாளடைவில் அந்த இடத்தில் சாயம் தேய்ந்துவிட்டது. தினமும் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை.

படங்களைப் பழுதுபார்க்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. படத்தைக் கழற்றிக் கீழ்த்தளத்துச் சேமிப்பறைக்குக் கொண்டுபோனாள். மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது விரல் பட்டுத் தேஞ்சது. யாருன்னு நான் கேக்கல. அறிக்கைய நான் பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க."

படத்தைத் தொட்டால் வேலை போகும், வழக்கும் வரும். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேமிப்பறையில் தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க மாட்டார்கள், படங்கள் பாழாகிவிடும். ஒரு வாயுவைத் திறந்துவிட்டு, தீ மூச்சுவிட முடியாமல் செய்வார்கள். வெளியே உள்ள பொத்தானை அமுக்கியதும் மணி அடிக்கும். முப்பது விநாடிக்குள் உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிட வேண்டும். அதன் பிறகு கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. வருடா வருடம் எங்களுக்குப் பயிற்சி தருவார்கள்.

மறுநாள் மதியம், அவள் உள்ளே இருக்கும்போது, பொத்தானை அமுக்கினேன். வெளிப்பக்கம் திறக்கும் கதவு அது. தோளைக் கொடுத்து நின்றேன்.

"அண்ணே, கதவு மாட்டிக்கிச்சு, இழுங்க" என்றாள். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு, "முடியலன்னா விட்டுடுங்கண்ணே, நீங்க ஓடிடுங்க, உங்களுக்கும் ஆபத்து" என்றாள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகம் அழுந்தியிருந்தது. மூக்கு ஒரு பக்கம், கண்கள் ஒரு பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் தோளை எடுக்கவில்லை. மணி நின்ற பிறகு விதிப்படி நடந்துகொண்டேன்.

சற்று முன் அவளுடைய அறிக்கையை என் முன்னால் வைத்தீர்கள். என்னிடம் பேசிய அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "பழைய வார்னிஷின் கோளாறு. யாரும் பொறுப்பல்ல." இரண்டு முறை படித்தேன். நல்ல பெண்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனசு மாறியிருந்தால் அதைக் கிழித்துப்போட்டு வேறு எழுதியிருப்பாள் அல்லவா? அந்தப் பயத்தோடு ஒரு மனிதன் எத்தனை நாள்தான் இருப்பான், நீங்களே சொல்லுங்கள், ஐயா.