எழுபது கிலோன்னு சொன்ன வாய்

…அதான் கேக்கறேன், முப்பத்தோரு கிலோதான்னா முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! சிறுத்தைன்னா ஒரு அளவு, ஒரு மரியாதை இருக்க வேணாமா? வாலையும் சேத்து முப்பத்தோரு கிலோ! எங்க லாண்டரிக்கு ஓட்டல்லேர்ந்து வர்ற பெட்ஷீட் மூட்டை உன்னைவிடக் கனம் தாயே. அதுவும் நனைக்கறதுக்கு முன்னாடி!

முறைக்காதே. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்கறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன். மயக்க ஊசி போட்டா உங்க கூட்டத்துக்குக் கண்ணு மூடாதாம், காஞ்சு போகக் கூடாதுன்னு மிருக டாக்டரம்மா மருந்து தடவி வெச்சிருக்காங்க. எனக்கென்னமோ என் வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கற மாதிரியே இருக்கு.

பேசக் கூடாதுன்னு வேற உத்தரவு. "நெஞ்சு ஏறி இறங்குதான்னு மட்டும் பாருங்க. நின்னா கூப்பிடுங்க. வாசல்ல வனத்துறை ஆளுங்ககிட்ட வண்டி விஷயம் பேசிட்டு வந்துர்றேன். சத்தம் மட்டும் கூடவே கூடாது." மூக்குக் கண்ணாடியை இப்படி இறக்கி, இப்படி ஒரு பார்வை… நான் எங்க சத்தம் போடறேன்? குசுகுசுன்னுதானே பேசறேன்! நான் வாயை மூடினா என் மூச்சு நின்னுரும், அப்புறம் அவங்க ரெண்டு பேரைப் பாக்கணும்.

ஏறுது… இறங்குது. நல்ல புள்ளை.

சூடு போதுமா? மயக்கத்துல உடம்பு சில்லுன்னு ஆகிருமாம். ஊருக்குள்ளயே சூடான ரூம் எதுன்னா என் துணி காய வைக்கற ரூம்தான். அதான் உன்னைக் கூண்டோட இங்க கொண்டாந்து, ட்ரையர்லேர்ந்து சுடச்சுட எடுத்த டவலைப் போத்தியிருக்கு. பெரிய ஓட்டல் டவல்டி! அந்த மேனேஜர் பாத்தா, "என்னய்யா இது, டவல் பூரா மஞ்ச முடி?"ம்பான். "புது டிசைன் சார், எக்ஸ்ட்ரா காசு வேணாம் சார்!" ஹிஹி… நீ சிரிக்கலை. சரி.

எல்லாரும் என்னைத் திட்டறாங்க. நான் என்ன ஊசியா போட்டேன்? ஊசி போட்டவங்க டாக்டரம்மா. பின்பக்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. என்ன தெரிஞ்சுது? ஒரு மலை போர்வை, அதுல கொஞ்சூண்டு முதுகு, ஒரு வால். திரும்பி என்னைப் பாத்து, "நீங்கதானே முழுசா பாத்தது, எடை என்ன இருக்கும்?"னாங்க. நான் யாரு? மூட்டையைக் கண்ணால பாத்தே கிலோ சொல்றவன்! "எழுபது! ஒரு கிலோ குறைஞ்சாலும் மீசையை எடுத்துடறேன்!"னேன். இப்ப முப்பத்தொம்பது கிலோ குறையுது. இருக்கற ஒரு மீசை எப்படிப் பத்தும்?

அந்த எடைக்குத்தான் மருந்து அளந்தாங்க. நீ சாஞ்சதும் தூக்கிட்டு வந்து நம்ம மூட்டை நிறுக்கற மெஷின்ல வெச்சா… முள்ளு முப்பத்தொண்ணுல நின்னு நடுங்குது. நான் மெஷினை ஒரு தட்டு தட்டினேன். அப்பவும் முப்பத்தொண்ணு! டாக்டரம்மா மூஞ்சி வெளுத்துது பாரு, அப்படி ஒரு வெளுப்பை நான் எந்தச் சட்டையிலயும் கொண்டாந்ததில்லை.

முறிவு மருந்து போட்டாச்சு. அது பாதி மயக்கத்துக்குத்தான் கேக்குமாம். மீதியை உன் உடம்பே கரைச்சுக்கணுமாம். கரைச்சுட்டா எந்திரிப்பே. கரைக்கலைன்னா… சீ, அந்தப் பேச்சை விடு.

ஏறுது. இறங்குது.

"ஏங்க, ஒரே இனத்துல எப்படிங்க இவ்ளோ வித்தியாசம்?"னு நானே கேட்டேன். "ஆம்பளைச் சிறுத்தை எண்பது தொண்ணூறு வரைக்கும் போறதும் உண்டு, பொம்பளை முப்பதுக்குப் பக்கத்துல நின்னுக்கறதும் உண்டு. பெரிய மான் கிடைக்கற காட்டுல ஒரு சைஸு, முயலும் கோழியும் தின்னு பொழைக்கற இடத்துல ஒரு சைஸு. வயிறு நிறைஞ்ச அன்னிக்கு ஒரு எடை, பட்டினி கிடந்தா ஒரு எடை"ன்னாங்க. அடச்சே, இதுக்கு எதுக்குப் படிப்பு? எங்க வீட்டுக்கு வந்து பாத்தாலே போதுமே! என் மச்சானும் நானும் ஒரே அடுப்பு, ஒரே சட்டி. அவன் தொண்ணூத்தஞ்சு. மாடிப்படி ஏறினான்னா, "ஹஃப்… மாமா… ஹஃப்… சாப்பாடு… ஹஃப்… ரெடியா?" படி முடியும், மூச்சு முடியாது. என்னைப் பாரு! கொடியில காயப் போட்ட பேன்ட்டு. தெருவுல எனக்குப் பேரே கிளிப்பு. துணிக்குப் போடற கிளிப்புக்குக்கூட என்னைவிடத் தெம்பு ஜாஸ்தின்னு வெச்ச பேரு.

அந்த மச்சானாலதான் எல்லாம்! அவன் பொண்டாட்டிகூடச் சண்டைன்னா இங்க வந்து அழுக்குப் போர்வைக்குள்ள புகுந்து தூங்குவான். காலைல கடையைத் திறந்து உள்ள வரேன், போர்வைக் குவியல் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுது. பின்பக்க ஜன்னல் வழியா ராத்திரியே நீ புகுந்தது யாருக்குத் தெரியும்? "எந்திரிடா தடியா"ன்னு விட்டேன் ஒரு உதை!

வலிச்சுதா? மன்னிச்சுக்க. உனக்கு விட்டதில்லை, அவனுக்கு விட்டது.

போர்வையோட எந்திரிச்சே பாரு… யம்மா! போர்வைக்குள்ள நீ எருமை! அந்த சைஸைத்தான் நான் சொன்னேன். பாத்ததைச் சொன்னேன். அதுல என்ன தப்பு?

ஏறுது. இறங்குது. மெதுவாத்தான் இறங்குது.

…இப்படிப் பாக்காதேன்னு சொன்னேன்ல. சரி, சரி. போர்வை நழுவிருச்சு. ஒத்துக்கறேன். முழுசா பாத்தேன். எதிர் வீட்டு வளப்பு நாய் உசரம்தான் இருந்தே. விலா எலும்பு ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. என்னைவிட நீதான் பயந்தே. இஸ்திரி மேஜைக்கு அடியில ஓடி, மறுபடி போர்வைக்குள்ளயே புகுந்துக்கிட்டே. நான் ஷட்டரை இறக்கிட்டுத் தெருவுக்கு வந்தேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

தையக்காரன் கேக்கறான், "எவ்ளோ பெருசுடா கிளிப்பு?" நாய் அளவுன்னு சொன்னா என்ன ஆகும்? சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க. "கன்னுக்குட்டி இருக்கும்"னேன், கையை இவ்ளோ விரிச்சேன். சைக்கிள் கடைக்காரர் வந்தாரு. கை தானா இன்னும் கொஞ்சம் விரிஞ்சுது, "கழுதை!"ன்னேன். கடிகாரம் ரிப்பேர் பண்றவர் வந்தப்போ ரெண்டு கையும் பத்தலை, தையக்காரன் கையையும் கடன் வாங்கிக்கிட்டேன்! என்னா மரியாதை! ஒருத்தர் உக்கார நாற்காலி போடறாரு, ஒருத்தர் விசிறி விடறாரு. பொறந்ததிலேர்ந்து எனக்கு யாரும் விசிறினதில்லை தாயே.

அப்பத்தான் டாக்டரம்மா வந்தாங்க. எழுபதுன்னதும் தனியா கூப்பிட்டு, "உறுதியாத் தெரியுமா? மருந்து அதை வெச்சுத்தான்"னு கேட்டாங்க. நல்லாத்தான் கேட்டாங்க. தெருவே என் வாயைப் பாத்துக்கிட்டிருக்கு. நாற்காலி, விசிறி… "உறுதி"ன்னுட்டேன்.

எந்திரிச்சிரும்மா. நீ எந்திரி, நடுத்தெருவுல நின்னு முப்பத்தொண்ணுன்னு நானே கத்தறேன். நாய் அளவுதான்னு கத்தறேன். சிரிக்கட்டும். சிரிச்சா என்ன, தேஞ்சா போயிருவேன்? தேய இடம் ஏது எனக்கு?

ஏறுது… ஏறுது… இறங்கு. ஏன் அங்கேயே நிக்குது? இறங்கும்மா. விளையாடாதே. ஏய்… டாக்டர… இரு, இரு, இறங்கிருச்சு. அப்பாடா! பெருமூச்சா விட்டே? என் பேச்சைக் கேட்டா பெருமூச்சு விட்டே? விடு, நல்லா விடு! என் வீட்டுக்காரி தினம் விடறா.

காது! காது ஆடிச்சு! ஈ உக்காந்துச்சா? ஈயே இல்லையே! இதோ மறுபடி! நாக்கு வருது… மூக்கை நக்கறா! டாக்டரம்மா! மெதுவாத்தான் கூப்பிடறேன்… டாக்டரம்மோவ்! தலையைத் தூக்கறா! ஐயோ விழுந்துருச்சு… தூக்கறா, மறுபடி தூக்கறா! என்னைப் பாக்கறா, இப்பத்தான் நெஜமாவே பாக்கறா!

யம்மாடியோவ்! என்னா உறுமல்! இருக்கற முப்பத்தோரு கிலோவுல எந்த மூலையில வெச்சிருந்தே இதை? டவல் பறக்குது, கூண்டு ஆடுது! திட்டு! நல்லாத் திட்டு! உதைச்சதுக்கு ஒண்ணு, பொய்க்கு ஒம்போது!

வந்துட்டீங்களா டாக்டரம்மா? சத்தமா? நானா? நான் வாயே திறக்கலைங்க! ஷ்ஷ்… நீங்களும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அவ பேசி முடிக்கட்டும்.