எட்டு வருஷக் கூழாங்கல்

எனக்குப் பச்சை நிறம் மிகவும் பிடிக்கும். பெயிண்ட் கடையில் பதினாறு வருஷமாக வண்ணம் கலக்குகிறேன். இளம்பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவில் இன்னும் ஒன்பது பச்சை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் கண்ணாடிக் குழாயில் மட்டும் பச்சை வரக் கூடாது. மஞ்சள் வந்தால் நல்லது. பச்சை என்றால் அம்மோனியா. கரும்பச்சை என்றால் மீனுக்கு எமன்.

இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் மகளுக்கு இரண்டு முறை மீன் வாங்கி, இரண்டு முறையும் ஒரே வாரத்தில் அடக்கம் செய்தாயிற்று. இரண்டாவது அடக்கத்துக்கு மாடி வீட்டுச் சகலை இறங்கி வந்தார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அதனால் அடுத்தவர் எதை ஓட்டினாலும் பிரேக்கில் கால் வைப்பார்.

"இது மீன் தொட்டியா சகலை, சுடுகாடா?" என்றார்.

மகள் அழுதாள். மனைவி சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புதான் நினைவில் நின்றது.

மூன்றாவது தடவை முறையாக இறங்கினேன். அடியில் சத்து மண், மேலே தண்ணீர். மீன் கடைக்காரர் விளக்கிச் சொன்னார்: "புது மண்ணே அம்மோனியா விடும் சார். செடி நெறைய வையுங்க, பாதிய அது குடிச்சிடும். மிச்சத்தத் தின்ன நல்ல கிருமி வளரணும். அதுக்கு ஆறு வாரம். பழைய தொட்டிக் கல்லு கொஞ்சம் கெடச்சா சட்டுனு ஆயிடும்."

மகளின் பிறந்த நாளுக்கோ பன்னிரண்டே நாள் இருந்தது.

"கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ப்பா. இந்தத் தடவ சாகாதுல்ல?"

"சாகாதுடா கண்ணு," என்றேன். நான் சொன்ன சொல் தவறாதவன்.

சகலையின் தொட்டிக்கு எட்டு வயது. காடு மாதிரி செடி, அடியில் வழவழவென்று கூழாங்கல், நடுவே ஆறு ஏஞ்சல் மீன்கள். "பிள்ளைங்க" என்றுதான் சொல்வார். அந்த வாரம் அவரும் மனைவியும் தங்கள் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் வெளியூர் கிளம்பினார்கள். சாவி என் கையில் வந்தது.

"சாப்பாடு ஒரு சிட்டிகை போதும். தண்ணிய மட்டும் தொட்டுடாதீங்க சகலை. எட்டு வருஷத் தண்ணி. அதுலதான் எல்லாம் இருக்கு."

தண்ணீரில் பெரிதாக ஒன்றுமில்லை. கிருமிகள் கல்லிலும் வேரிலும் நிரந்தரக் குடித்தனக்காரர்கள் போல ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துச் சொல்லியிருக்கலாம். வயதில் மூத்தவரை மறுத்துப் பேசுவது என் வழக்கமில்லை. தண்ணீரைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் நாள் ஒரே ஒரு கைப்பிடி எடுத்தேன். இரண்டாம் நாள் என் தொட்டியில் பச்சை ஒரு சாயல் இறங்கியது. பதினாறு வருஷத் தொழிலில் ஒரு நிறம் என்னை ஆட வைத்தது அன்றுதான். சமையலறையில் தனியாக ஆடினேன். மூன்றாம் நாள் ஒரு குவளை எடுத்தேன். நான்காம் நாள் வாளியோடு போய்விட்டேன். கல் முழுவதும் வந்தது, செடியும் வேரோடு வந்தது. அவர் தொட்டி வெறிச்சென்று கிடக்கக் கூடாது அல்லவா, அதனால் புதுக் கல்லைக் கழுவிப் போட்டு, பிளாஸ்டிக் செடிகள் நட்டேன். சாயல்கூடப் பார்த்துத்தான் வாங்கினேன். தண்ணீரைத் தொடவில்லை.

ஏழாம் நாள் என் குழாயில் மஞ்சள், எலுமிச்சைத் தோல் மஞ்சள். மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். அதே உற்சாகத்தில் குழாயை மாடிக்கும் எடுத்துப் போனேன். அங்கே கரும்பச்சை. கடையில் அந்த நிறத்தை வரவழைக்க மூன்று டின் கலக்க வேண்டும். எல்லாம் கல்லில்தான் என்பது எவ்வளவு அழகாக நிரூபணமாகிவிட்டது. மகளின் பழைய நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்: கீழே, மேலே.

பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீரைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் சகலை போன் செய்தார். "பேரன் பொறந்திருக்கான் சகலை! பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"மேலேயே வந்து வாயத் தொறந்து தொறந்து பாக்குதுங்க. உங்களத் தேடுது போல."

"பாத்தீங்களா, பாசத்த!" என்றார். குரல் தழுதழுத்தது. எனக்கே நெகிழ்ச்சியாகிவிட்டது.

எட்டாம் நாள் இரண்டு மிதந்தன. ஒன்பதாம் நாள் மீதி நான்கு. மணியோடு குறித்துக்கொண்டேன். அவர் வந்து பார்த்து மனம் உடையக் கூடாதென்று பிளாஸ்டிக்கையும் கல்லையும் அள்ளி எறிந்து, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மீனில்லாத தண்ணீருக்கு வாக்கு எதற்கு?

வந்தவர் கவிழ்ந்த தொட்டியைப் பார்த்துக் கையில் பெட்டியோடு வாசலிலேயே நின்றார். "தண்ணிய மாத்துனீங்களா?"

"சத்தியமா இல்ல சகலை. அதுங்க இருந்தவரைக்கும் ஒரு சொட்டுத் தொடல."

என்னை நம்பினார். உண்மையைத்தானே சொன்னேன். பேரன் பிறந்த இனிப்பை என் கையில் வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். என் மனைவி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிறந்த நாளன்று என் தொட்டியில் எட்டு மீன்கள் நீந்தின. மகளின் தோழிகள் கைதட்டினார்கள். இன்றுவரை ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆமாம், மாடி வீட்டு ஆறையும் கொன்றது நான்தான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், போன வாரம் சகலை மறுபடி கீழே வந்ததுதான். புதுத் தொட்டி வைக்கிறாராம்.

"கடைக்காரர் இப்பத்தான் சொன்னாரு சகலை, எல்லாம் கல்லுலதான் இருக்காம். உங்க தொட்டியிலேருந்து ஒரு கைப்பிடி குடுங்களேன்."

பக்குவமாக மறுத்துவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியில் கை வைத்தால் மீனுக்கு என்ன ஆகுமென்று யாருக்குத் தெரியும்? வாயில்லா ஜீவன்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.